நாற்காலி தயார், அது மாடியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்துக்கு வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். எனக்கு இரண்டு வயதில் போலியோ. இப்போது அறுபதை நெருங்குகிறேன். சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதியே வயதாகிவிட்ட ஆள் நான். கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று அரசாங்கமே கூப்பிட்டால் சந்தோஷம் வராதா?

ஜூலையில் விண்ணப்பம் கேட்டார்கள். எங்கள் நகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வாசல் வரை போய்விடுவேன். அங்கிருந்து, மனைவி எடுத்து வைக்கும் சக்கர நாற்காலிதான். வாசலுக்கு ஐந்து படி. பக்கத்திலேயே ராம்ப் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. அதில் மூன்று பைக்குகள் நின்றன. ஒன்று ஹேண்டில் லாக் போட்டது. வாட்ச்மேன் ஓடிவந்து இரண்டைத் தள்ளினார். மூன்றாவது யாருடையது என்று விசாரிக்க உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்து வந்தார்.

பைக் நகர்ந்த பிறகுதான் ராம்பின் லட்சணமே தெரிந்தது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அப்போதுதான் நாற்காலியில் இருப்பவர் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு ஏற முடியும். எங்கள் அலுவலகத் தரை மட்டம் இரண்டரை அடி, ஆக முப்பது அடி வேண்டும். இருப்பது, கண்ணால் அளந்தாலே, பத்து அடியைத் தாண்டாது. வழுவழுவென்று டைல்ஸ் வேறு. மனைவி பின்னாலிருந்து தள்ள, வாட்ச்மேன் முன்னாலிருந்து இழுக்க, பாதியில் சக்கரம் வழுக்கியது. வேண்டாம் என்று இறங்கிவிட்டேன்.

கடைசியில் ஒரு தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து வெயிலில் நின்றபடியே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். நல்ல பிள்ளை. "நீங்க ஏன் சார் கஷ்டப்படணும், யாரையாவது அனுப்பியிருக்கலாமே" என்றார். இந்த வாக்கியத்தை வாழ்நாளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! மன்றக் கூட்டம் எங்கே நடக்கும் என்று கேட்டேன். மாடியிலாம். லிஃப்ட்? எஸ்டிமேட் போயிருக்கிறதாம். "கூட்டத்தன்னிக்கு நாலு பேர் தூக்கிட்டுப் போயிடுவோம், கவலைப்படாதீங்க சார்" என்றார்.

என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு போகும் நாள் எப்படியும் ஒன்று வரத்தான் போகிறது. அதற்கு மாதாமாதம் ஒத்திகை வேண்டாம் என்றேன். பாவம், அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நான் சலுகை கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் வந்துபோகும்படி மாற்ற வேண்டும் என்கிறது சட்டம். 2022-லேயே அந்தக் கெடு முடிந்துபோனது. தரநிலைகள் எல்லாம் 'செய்தால் நல்லது' என்ற தொனியில் இருந்தால் போதாது, கட்டாயம் என்று எழுதுங்கள் என 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு வைத்தது. இன்னொரு வேடிக்கை: இந்த விதிகளுக்குப் பொருந்தாத பொதுக் கட்டடத்துக்கு வரைபட அனுமதியே தரக் கூடாது. அந்த அனுமதியைத் தருகிற நகரமைப்புப் பிரிவும் எங்கள் ஊரில் அதே மாடியில்தான் இருக்கிறது.

மனது வைத்தால் முடியாததில்லை. மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போகும்படி கடலலை வரை மரப்பாதை போட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துவிட்டது. விட்டுவிடாமல் சரிசெய்து திறந்தார்களே! கடற்கரை மணலில் முடிந்தது கான்கிரீட் கட்டடத்தில் ஏன் முடியாது?

என் ஒருவனுக்காக இவ்வளவா என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று ஸ்கூட்டரில் உட்கார்ந்து காத்திருந்த நேரத்தில் நான் பார்த்தவர்கள்: கணவரின் இறப்புச் சான்றிதழுக்காகப் படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்த பாட்டி; இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று என வரி கட்ட வந்த பெண்; டோக்கன் எண்ணைக் கத்திக் கூப்பிட்டது காதில் விழாமல் தன் முறையைத் தவறவிட்ட பெரியவர். பாட்டிக்கு அந்த ராம்ப் கண்ணில்கூடப் படவில்லை. பைக் ஸ்டாண்டு என்று நினைத்திருப்பார்.

சட்டம் கொடுத்த நாற்காலியை ஊர் பிடுங்கிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. 1996-இலிருந்து பத்து வருடம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற, பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சிகளில் தலைவரை உட்கார விடவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாமெல்லாம் பார்த்தோம். அது சாதித் திமிர், இது அலட்சியம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் நாற்காலி காலியாகக் கிடப்பது இரண்டிலும் ஒன்றுதான். நியமன உறுப்பினருக்குத் தீர்மானங்களில் ஓட்டும் கிடையாது. பேச மட்டும்தான் முடியும். பேசுவதற்கு அந்த அறைக்குள் போயாக வேண்டுமே!

லிஃப்ட் வரும்போது வரட்டும். அதுவரை மன்றக் கூட்டத்தைக் கீழே வரி வசூல் கூடத்தில் நடத்தலாம். மாதம் ஒரு நாள் மேசைகளை ஓரம் தள்ளினால் போதும். ராம்பை நீட்ட முன்வாசலில் இடமில்லை என்றால், பக்கவாட்டில் ஜெனரேட்டர் இருக்கும் பக்கம் தாராளமாக இருக்கிறது. ஒரு திருப்பம் வைத்து முப்பது அடி போடலாம். டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பாகச் சிமெண்ட் பூசினாலே பாதிப் பயம் போய்விடும். டோக்கன் எண் எழுத ஒரு கரும்பலகை. இதில் எதற்கும் சென்னைக்குக் கோப்பு போக வேண்டிய அவசியமில்லை. எனக்குத் தனியாக இருக்கை போட வேண்டியதுகூட இல்லை, கையோடு கொண்டுவந்துவிடுவேன்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்ட வாசகர் ஒருவர்
(வாட்ச்மேனுக்குத் தொல்லை வரக் கூடாது, என் பெயரும் ஊரும் வேண்டாம்.)

பி.கு.: போன வாரம் தண்ணீர் வரி கட்டப் போயிருந்தேன். ராம்பில் பைக்குகள் இல்லை. யாரோ பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறாராம், வரிசையாகப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.