கஜாவுக்குப் பின் வீடு வீடாக வந்த நர்ஸம்மாக்களுக்கு

வேதாரண்யம் வட்டாரத்துக் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு எங்கள் மகளிர் குழுவின் வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. ஓடு போனது, தென்னை போனது, கரண்டு போனது. அதையெல்லாம் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். வீட்டுக்குள் விழுந்த அடியை விசாரித்தது நீங்கள்தான்.

தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். நுண்கடன் தவணைக்காரர் அதுவரை பொறுப்பாரா? கடன் பெண் பேரில். குடித்துவிட்டு வருபவரின் கோபமும் அவள் மேல்தான். நிவாரண முகாமில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருட்டில் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தோம்.

"பிரஷர் பார்க்கணும், எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்பீர்கள். நர்ஸம்மா சொன்னால் மாமியாரும் எழுந்து போவார். அப்புறம்தான் "இந்தக் காயம் எப்படிம்மா?" என்று மெதுவாகக் கேட்பீர்கள். உடனே போலீஸுக்குப் போ என்று யாரையும் விரட்டவில்லை. மருந்து வைத்துக் கட்டினீர்கள், ராத்திரி எங்கே படுப்பாய் என்று கேட்டீர்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கூடவே வந்தீர்கள். அந்த டிசம்பரில் பெண்களுக்கான 181 உதவி எண் வந்தபோது அதை எழுதிக் கொடுக்காமல் மனப்பாடம் பண்ணவைத்தீர்கள். சீட்டு வீட்டுக்காரர் கண்ணில் படும் என்று உங்களுக்குத் தெரியும். கஷ்டகாலம் என்பதற்காகப் பெண் மேல் கை நீட்டக் கூடாது என்று ஆண்களிடம் நேருக்கு நேர் சொன்னதும் நீங்கள்தான். இத்தனைக்கும் உங்களில் பலர் வீட்டிலும் கூரை இல்லை.

பட்டுக்கோட்டைப் பக்கம், வீட்டுக்குத் தூரம் என்று தனிக் குடிசையில் படுக்கவைத்த சிறுமி மேல் அந்தப் புயலில் தென்னை சாய்ந்தது. பிள்ளை போய்விட்டாள். அந்தத் துக்கம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. பெண்ணை வெளியே படுக்கவைப்பதும் வன்முறைதான் என்று வீடு வீடாகச் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

டார்ச் லைட்டோடு கழிப்பறை வாசலில் காவல் நின்ற அக்காமார்களுக்கும், அடைக்கலம் கொடுத்த டீச்சருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த 108 அண்ணன்மாருக்கும் நன்றி.

கடல் சூடாகச் சூடாகப் புயலின் பலமும் கூடும் என்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒவ்வொரு முகாமிலும் செவிலியருக்கென்று கதவு மூடும் ஓர் அறையும், பேரிடர்ப் பயிற்சியில் அடிபட்ட பெண்களை விசாரித்துக் கவனிக்கும் இந்த வேலைக்கு ஓர் இடமும் வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறோம். குழுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று.