குவா உடைக்கு எந்தச் சிவப்பு?

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா கண் அறுவைக்குப் பிறகு மறுபடியும் பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள்.

சரி, உன் பெரிய சேதிக்கு வருகிறேன். சீனப் பெண் ஒருத்தி கல்யாண அலங்காரத்துக்கு உன்னைப் பேசியிருக்கிறாள் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பினாங்கில் உன் கை எவ்வளவு சுத்தம் என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும். "மஞ்சள் தோலுக்கு எந்த லிப்ஸ்டிக்?" என்று கேட்டிருந்தாய். மேக்கப் கவுன்டரில் நின்ற நாளிலிருந்தே எனக்குப் பிடித்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், சீனத் தோல் என்று ஒரே ஒரு நிறத்தை மனசில் வைத்துக்கொண்டு போகாதே. ரோஜா கலந்த வெளுப்பு இருக்கும், தங்க மஞ்சள் இருக்கும், லேசாகப் பச்சை ஓடும் கோதுமை நிறமும் இருக்கும். கொரிய பவுண்டேஷன்களில் 21, 23 என்று எண் பார்த்திருப்பாய். அது வெளுப்பா, சற்று மாநிறமா என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லும். உள்ளே ஓடுவது மஞ்சளா, ரோஜாவா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துத் தெரியாது. லிப்ஸ்டிக் தேர்வுக்கு இரண்டும் வேண்டும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்ப்பதை நான் நம்புவதில்லை. வெளிச்சம் மாறினால் நரம்பின் நிறமும் மாறித் தெரிகிறது. அதைவிட, முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து ஜன்னலோரம் நிறுத்திப் பார்.

மஞ்சள் ஓடும் தோலில், பால் கலந்தது போன்ற நீல ரோஸ் நிறங்கள் பெரும்பாலும் காலை வாரிவிடும். பாரிஸில் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஷெவ்ரல், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை 1839இலேயே விளக்கி எழுதிவிட்டார். மஞ்சள் சேலைக்கு நீலக் கரை வைத்தால் மஞ்சள் இன்னும் தூக்கலாகத் தெரியும் இல்லையா, அதேதான் முகத்திலும் நடக்கிறது. அப்படிப்பட்டவளுக்குப் பவள நிறம், தக்காளிச் சிவப்பு, செங்கல் நிறம் எல்லாம் எடுக்கும். மேக் (MAC) கம்பெனியின் 'சில்லி' என்ற லிப்ஸ்டிக் பழுப்பு கலந்த ஆரஞ்சுச் சிவப்பு. சீனப் பெண்கள் அதைத் தேடி வந்து கேட்பார்கள். ரோஜா வெளுப்புக்காரிக்கு அதே மேக்கின் ரூபி வூ மாதிரி நீலம் கலந்த சிவப்பு, ராஸ்பெரி, செர்ரி. பச்சை ஓடும் தோலில் பளிச்சென்ற ஆரஞ்சு தனியாக மிதக்கும். அதற்குக் காய்ந்த ரோஜா நிறமோ, ஆவியில் வேகவைக்கும் பாவ் பன்னுக்குள்ளே வைக்கும் சிவப்பு பீன்ஸ் விழுது நிறமோ அடக்கமாகப் பொருந்தும். வெளிர் பெய்ஜ் மட்டும் யாருக்கும் போடாதே. கறுத்த முடிக்கும் கண்ணுக்கும் நடுவில் உதடே காணாமல் போய்விடும், ஃபிளாஷ் வெளிச்சத்தில் இன்னும் மோசம்.

பெண்ணுடைய சொந்த உதட்டு நிறத்தையும் பார். உதட்டுத் தோல் மெல்லியது, அதன் வழியாக ரத்தத்தின் நிறம் தெரியும். அதனால் டப்பாவில் இருக்கும் நிறம் உதட்டில் அப்படியே வராது. உதட்டில் சாயம்போல ஏறும் டின்ட் வகைகளில் இது இன்னும் அதிகம். அவற்றில் சேர்க்கும் சில சாயங்கள் உதட்டின் ஈரம் பட்டதும் ரோஸாகத் திரும்பிவிடும். ஆரஞ்சு என்று வாங்கியவள் ரோஸ் உதட்டோடு நிற்பாள். ஜப்பானில் குசும்பப் பூவிலிருந்து எடுக்கும் பெனி என்ற உதட்டுச் சாயமும் உதட்டுக்கு உதடு வேறு சிவப்பாகத்தான் தெரியும். பீங்கான் கிண்ணத்தில் காயும்போது அது பச்சையாக மின்னும். ஈரத் தூரிகை பட்டதும் சிவக்கும். 1825இல் தொடங்கிய இசேஹான் கடையில் இன்றும் அதைச் செய்கிறார்கள். என்றாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

உன் மணப்பெண்ணுக்கு இரண்டு தோற்றம் வேண்டியிருக்கும். காலையில் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்குக்குக் குவா என்ற சீனக் கல்யாண உடை: சிவப்புத் துணி, அதன் மேல் தங்க ஜரிகையில் டிராகனும் பீனிக்ஸும். அந்தச் சிவப்போடு போட்டி போடும் வேறு சிவப்பு வேண்டாம். உடையின் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறதா, நீலப் பக்கமா என்று பார்த்து அதே பக்கத்திலிருந்து எடு, ஆனால் ஒரு படி அடர்த்தியாக. தோலோடு ஒத்துப்போகவில்லை என்றால் தோல் சொல்வதைக் கேள். உடைக்காக முகத்தை விட்டுக்கொடுக்காதே. இரவு விருந்துக்குக் காய்ந்த ரோஜா போதும். நடு உதட்டில் அழுத்தமாக வைத்து விரலால் வெளியே கரைத்துவிடும் கொரிய முறை கிட்டத்தில் அழகு. மண்டபத்தில் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஓரம் தெரியாது, அதனால் வரைந்துவிடு.

சோதனை அலங்காரத்தன்று புறங்கையில் பூசிப் பார்க்காதே, உதட்டிலேயே போட்டுப் பார். குவாவைத் தோளில் போர்த்தச் சொல். முதல் பூச்சை டிஷ்யூவால் ஒற்றி, மேலே ஒரு மெல்லிய டிஷ்யூ வைத்துப் பவுடர் தட்டி, இரண்டாவது பூச்சு கொடு, தேநீர்க் கோப்பையில் அவ்வளவாக ஒட்டாது. விருந்துச் சாப்பாட்டு எண்ணெய் எந்த நீடித்த லிப்ஸ்டிக்கையும் கரைத்துவிடும். ஒரு சின்ன டப்பாவில் அதே நிறத்தை எடுத்துத் தோழிப்பெண் கையில் கொடுத்துவை.

அப்புறம் ஒன்று. "அவளை இன்னும் வெள்ளையாகக் காட்டும் நிறம் போடு" என்று உறவுக்காரர் யாராவது வந்து நிற்பார்கள். கடைகளிலும் அதையே சொல்லித்தான் விற்கிறார்கள். நீ அதற்கு இறங்காதே, வாசுகி. நம் பெண்களிடம் இதையே சொல்லிச் சொல்லி என்ன பாடு படுத்தினார்கள் என்று உனக்குத் தெரியும். அவள் முகம் தெளிவாக, களையாக இருக்கிறதா என்று மட்டும் பார்.

சோதனை முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் இரண்டு அனுப்பு, ஃபில்டர் இல்லாமல். உடையின் படமும் வேண்டும். என்னிடம் செங்கல் நிறத்திலும் செர்ரியிலும் பிரிக்காத லிப்ஸ்டிக்குகள் இருக்கின்றன. அடுத்த மாதம் தம்பி அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மீனா