செல்வத்துக்கு, சிங்கப்பூரிலிருந்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மீனாவுக்கு இங்கே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அறை வாடகை கேட்டிருந்தாய். தோ பாயோ பக்கம் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஓர் அறைக்கே மாதம் ஆயிரம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், தாண்டிவிடுகிறது. நீ ஈப்போவுக்குப் போன காலத்துக் கணக்கெல்லாம் இப்போது செல்லாது. பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. 2023 அக்டோபரில் பெரிய கார் வாங்கும் உரிமைச் சான்றிதழ் மட்டும் 150,000 வெள்ளியைத் தாண்டியது. அதுவும் பத்து வருஷத்துக்குத்தான். கார் விலை தனி!

அக்கா வீடு என்-புளோக்கில் போய்விட்டது, தெரியுமா? அதாவது, கட்டடத்து வீடுகளையெல்லாம் மொத்தமாகக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்று, இடித்துப் புதிதாகக் கட்ட விடுவது. அடுக்குமாடி கட்டி முப்பது வருஷம்கூட ஆகவில்லை. ஒழுகல் இல்லை, விரிசல் இல்லை, மின்தூக்கியைப் போன வருஷம்தான் மாற்றினார்கள். எதிர்வீட்டுக்காரர் அடுப்படி மேடைக்குப் புதுக் கல் பதித்து, அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட முழுதாக உரிக்கவில்லை. காலி செய்யும் வாரத்தில் கீழ்த்தளமெல்லாம் சோபா, அலமாரி, மெத்தை. பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரே சலித்துப்போய், குளிர்சாதனப் பெட்டியையும் செம்புக் குழாய்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

1999க்கு முன்னால் இப்படி விற்க எல்லா வீட்டுக்காரரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் சட்டம் மாறி, பத்து வருஷம் கடந்த கட்டடத்துக்கு 80 விழுக்காடு போதும் என்றானது. மிச்சப் பேர் வேண்டாமென்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதே நிலத்தில் இன்னும் உயரமாக, இன்னும் நெருக்கமாகக் கட்ட அனுமதி கிடைக்கும் என்றால், மேலே நிற்கும் வீட்டைவிடக் கீழே இருக்கும் மண்ணுக்கு மதிப்பு கூடிவிடுகிறது. அதன் பிறகு கட்டடம் வெறும் இடைஞ்சல்.

பேர்ல்ஸ் ஹில்லில் குதிரை லாடம் போல வளைந்து நின்ற பேர்ல் பேங்க் நினைவிருக்கிறதா? 1976இல் கட்டி முடித்த 38 மாடி. 2018இல் 728 மில்லியன் வெள்ளிக்கு விற்று, 2020இல் இடித்துத் தள்ளினார்கள். நிலக் குத்தகை 99 வருஷம், கட்டடம் நின்றது 44 வருஷம். முன்பு முந்நூறு வீடுகூட இல்லாத இடத்தில் இப்போது 774. ஆள் கூடினால் வீடும் கூட வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கா இருந்த இடத்தில் வரப்போவது பெரும்பாலும் ஒற்றைப் படுக்கையறை வீடுகள். குடும்பங்கள் இருந்த இடத்தை முதலீட்டாளர்களுக்காகத் துண்டு போடுகிறார்கள். இப்படி இடித்து இடித்துக் கட்டுவதற்கு மணலைக்கூடக் கப்பலில் இறக்குமதி செய்யும் ஊர் இது!

அக்காவுக்குக் கைநிறையப் பணம் வந்தது உண்மைதான். ஆனால் அவளோடு சேர்ந்து அத்தனை குடும்பமும் ஒரே நேரத்தில் வீடு தேடினால் விலை என்னாகும்? அதே வட்டாரத்தில் அதே அளவு வீடு அந்தப் பணத்துக்குக் கிடைக்கவில்லை. இப்போது செங்காங்கில் சின்ன வீடு, கையிருப்பும் கரைந்துவிட்டது. மாமா கேட்கிறார், "நான் வித்தேனா, இல்ல என்னைத்தான் வித்தாங்களா?"

வீவக வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு. 2022இல் அங் மோ கியோ அவென்யூ 3இல் நான்கு புளோக்குகளை இடித்துக் கட்ட எடுத்துக்கொள்வதாக அரசு அறிவித்தபோது, பழைய வீட்டுக்குக் கிடைக்கும் பணம் 99 வருஷக் குத்தகையில் கொடுக்கும் புது வீட்டுக்குப் போதாமல் முதியவர்கள் கலங்கிப்போனார்கள். பிறகு 50 வருஷக் குத்தகையில் வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். எழுபது வயதுக்காரருக்கு அது போதும். ஆனால் பிள்ளைக்கு விட்டுப்போக நினைத்தவர் என்ன செய்வார்?

சரி, மீனா விஷயத்துக்கு வருகிறேன். செங்காங், பொங்கோல் பக்கம் பார்க்கச் சொல். வாடகை கொஞ்சம் குறையும், ரயிலும் இருக்கிறது. சமைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். "லேசான சமையல்" என்றால் மேகி வரைக்கும்தான் என்று அர்த்தம். சாம்பார் தாளித்தால் கதவைத் தட்டுவார்கள். அறை கிடைக்கும் வரை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பாய் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. எந்தத் தேதி வருகிறாள் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
மாறன்