கைக்கருவியும் முழங்கை வலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் செம்பனைத் தோட்டமொன்றில் குலைகளைக் கணக்கெடுக்கும் கிராணி. முன்பு புத்தகத்தில் எழுதிய கணக்கை இப்போது தொடுதிரைக் கருவியில் பதிகிறோம். இடது கையை மடக்கிக் கருவியை ஏந்திக்கொண்டு, வலது விரலால் நாள் முழுதும் தட்ட வேண்டியுள்ளது.

சென்ற மாதம் தேநீர்க் குவளையைத் தூக்கியபோது வலது முழங்கையின் வெளிப்புறம் சுருக்கென்று வலித்து, குவளை கை நழுவியது. இரவில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. முழங்கையை நெடுநேரம் மடக்கியே வைத்திருந்தால் அதன் உட்புறமாகச் செல்லும் நரம்பு இழுபட்டு அழுந்துவதே மரத்துப்போவதற்குக் காரணம் என்றும், மணிக்கட்டைத் தூக்கியவாறே ஓயாமல் விரலை அசைப்பதால் தசைநாண் நோகிறது என்றும் மருத்துவர் விளக்கினார். டென்னிஸ் மட்டையையே தொடாத எனக்கு, வலது முழங்கையில் வந்திருக்கும் இந்தத் தசைநாண் வலியின் பெயர் ‘டென்னிஸ் எல்போ’ என்றார்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா கைவலியை யாரிடமும் சொன்னதில்லை. நாமும் அப்படி இருக்கக்கூடாது. மலேசியாவின் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில்சார் நோய்களையும் உள்ளடக்குகிறது. ஆகவே கிளினிக்கில் வலியை மட்டுமன்றி, செய்யும் வேலையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிர்வாகங்கள் கருவியை வைத்துப் பதிய ஒரு தாங்கியும், இடையிடையே கையை நீட்டி ஓய்வெடுக்கச் சில நிமிடங்களும் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்