கோரிக்கை மனு: வன்னி வைத்தியசாலைச் சிற்றூழியருக்கும் தொற்றுநோய்ப் பயிற்சி தாருங்கள்

பெறுநர்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
வடக்கு மாகாணம்.

அனுப்புநர்:
வன்னியின் பிரதேச வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்யும் சிற்றூழியர்கள்.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதி கூட்டுவது, ட்ரொலி தள்ளுவது, சத்தி துடைப்பது, இறந்தவரைப் பிரேத அறைக்குக் கொண்டுபோவது எல்லாம் எங்கள் வேலை. காய்ச்சலோடு வருகிறவரை டொக்டர் பார்ப்பதற்கு முன்னமே ஓட்டோவிலிருந்து தாங்கி இறக்குவதும் அநேகமாக எங்களில் ஒருவர்தான். தொற்றுநோய் பற்றிய பயிற்சி என்று வரும்போது மட்டும் எங்கள் பெயர் பட்டியலில் இருப்பதில்லை. அதை மாற்றித் தரவேண்டும் என்று கேட்கவே இந்த மனு.

இதை எழுதும் எனக்கு 2021 ஓகஸ்ட் மறக்காது. கொவிட் உச்சத்தில் இருந்த நேரம். மூச்சுத் திணறிய ஐயா ஒருவரை நடு இரவில் விடுதிக்கு மாற்றினோம். வேலை முடிந்து வெளியே வந்ததும், வியர்வை தாங்காமல், போட்டிருந்த கையுறையோடேயே முகக்கவசத்தை இழுத்துக் கழற்றினேன். அது பிழை என்று எனக்குத் தெரியாது. கையுறையும் மேலங்கியும் முதலில், கை கழுவி அப்புறம் கண்ணாடி, முகக்கவசம் கடைசியில், திரும்பவும் கை கழுவல் என்ற ஒழுங்கை ஒரு தாதி பிறகுதான் சொல்லித் தந்தார். அதற்குள் எனக்குத் தொற்றிவிட்டது. என்னிடமிருந்து வீட்டில் அம்மாவுக்கும் தொற்றியது. அம்மா தப்பிவிட்டா. ஆனால் அந்தக் கிழமை எங்களில் ஐந்து பேர் தனிமைப்படுத்தலில் இருந்தோம். மிச்சம் இருந்த இரண்டு பேர் இரவு பகலாக விடுதியைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் சுவரில் ஒட்டிய அறிவுறுத்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எங்களில் பலருக்கு இரண்டும் வாசிக்க வராது. N95 முகக்கவசம் தந்தார்கள், சரி. தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது என்பதையோ, போட்டதும் இரண்டு கையாலும் பொத்தி மூச்சு விட்டு, ஓரத்தால் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையோ யாரும் காட்டித் தரவில்லை. குளோரின் கரைப்பதும் கைக்கணக்குத்தான். 5 வீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டால்தான் இரத்தம் சிந்திய இடத்துக்கு ஏற்ற 0.5 வீதம் வரும். அதையும் கழிவறை கழுவும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும். இவை நாங்கள் தினமும் தொடும் சாமான்கள்.

2024 டிசம்பரில் வடக்கில் காய்ச்சலால் சனம் இறந்தபோது முதலில் ‘மர்மக் காய்ச்சல்’ என்றுதான் கதைத்தார்கள். எலிக்காய்ச்சல் என்று உறுதியானதும் எங்களுக்கு மூச்சு வந்தது. அது சாதாரணமாக ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஆனால் என்னவென்று தெரியாமல் இருந்த அந்த நாட்களிலும் காய்ச்சல்காரரைத் தூக்கினோம், படுக்கை மாற்றினோம். அடுத்த தடவை வருவது ஆளுக்கு ஆள் தொற்றும் நோயாக இருந்தால்? 2003 இல் சார்ஸ் வந்தபோது உலகம் முழுவதும் பாதிக்கப்பட்ட 8,096 பேரில் 1,706 பேர் சுகாதார ஊழியர்கள். 2018 இல் கேரளத்தில் நிபா வந்தபோது, முதல் நோயாளரைப் பராமரித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைத் தாதி ஒருவர் இறந்துபோனார். எங்களுடையதைப் போலச் சின்ன இடம்தான் அதுவும். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து பரிசோதனை முடிவு வரும்வரை நோயாளர் எங்கள் கையில்தான்.

நாங்கள் பயந்து ஒதுங்குகிறவர்கள் இல்லை. 2009 இல், போரின் கடைசிக் கட்டத்தில், புதுமாத்தளன் பாடசாலையில் வைத்தியசாலை நடந்தபோது அங்கே நின்று காயக்காரரைத் தூக்கியவர்கள் இன்றும் எங்களோடு வேலை செய்கிறார்கள். பிறகு செட்டிகுளம் முகாம்களில் கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் பரவியதையும் அவர்கள் பார்த்தவர்கள். அந்த அனுபவம் இருக்கிறது. அதற்குமேல் முறையாகச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

ஆகவே ஐயா, வருடத்துக்கு இரண்டு தடவை, எங்கள் வைத்தியசாலையிலேயே, தமிழில், கையால் செய்து பழகும் பயிற்சி தாருங்கள். மண்டபத்தில் இருத்தி விரிவுரை நடத்தினால் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை; மேலங்கியைப் போட்டுக் கழற்ற வைத்து, பிழை விட்டால் திருத்த வேண்டும். தனியார் ஒப்பந்தத்தில் வரும் சுத்திகரிப்புத் தொழிலாளரையும் அம்புலன்ஸ் சாரதிகளையும் கட்டாயம் சேர்க்கவேண்டும். ஒப்பந்தக்காரர் அடிக்கடி ஆள் மாற்றுவதால், புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே சொல்லித்தர விடுதி ஒவ்வொன்றிலும் ஒருவரைப் பழக்கி விடவேண்டும். தமிழில் படத்தோடு ஒரு அட்டை, கழற்றும் இடத்தில், கண்ணுக்கு நேரே தொங்கினால் பேருதவி.

காலை ஏழரைக்கு வைத்தால் இரவுக் கடமை முடிந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் நிற்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். திகதியை மட்டும் அறியத் தாருங்கள். மற்ற ஆயத்தங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிற்றூழியர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)