மதுரை எய்ம்ஸ் நிர்வாகத்துக்கு: தோப்பூரில் ஓர் உறைகுளிர் ஆய்வுக்கூடம் வேண்டும்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

தோப்பூர் எய்ம்ஸில் என்னென்ன துறைகள் வரும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. உறுப்புகளையும் திசுக்களையும் கடுங்குளிரில் கெடாமல் காப்பது பற்றிய ஆய்வுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தோடு உறுப்பு தானம் பற்றிப் பேசும் வேலையில் இருந்த செவிலியர் நான்.

குடும்பம் சம்மதித்த நிமிடத்திலிருந்து எல்லாமே ஓட்டம்தான். எடுத்த உறுப்பைப் பாதுகாப்புத் திரவத்தோடு பையில் கட்டி, அதை இன்னொரு பைக்குள் இட்டு, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். சிறுநீரகம் ஒரு நாளைத் தாண்டியும் தாங்கும். கல்லீரலுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். இதயத்துக்கு 4 முதல் 6 மணி நேரம்தான். இங்கிருந்து சென்னைக்குச் சாலைவழி 450 கி.மீ.க்கு மேல். விமானம் தோதாக அமையாவிட்டால், கொடுக்க மனமிருந்தும் அந்த இதயம் யாருக்கும் உதவாது. மகனை இழந்த தாயிடம் இதை எந்த வாயால் சொல்வது?

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவரின் கேனைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வழியும். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். மெல்லிய குழாய்களில் அடைத்த விந்து அதில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. சரி, சிறுநீரகத்தையும் அப்படிப் போட்டு வைக்கலாமே என்றால், முடியாது. முழு உறுப்பில் நீர் பனித்துகளாகி, செல்களையும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் சிதைத்துவிடும். அதனால் ஒரு காப்புத் திரவத்தை உள்ளே செலுத்தி, பனி கட்டாமலே கண்ணாடிபோல இறுகும்படி வேகமாகக் குளிர்விக்கிறார்கள். அளவு மீறினால் அந்தத் திரவமே நஞ்சு. திரும்பச் சூடாக்குவது இன்னும் கடினம். மெதுவாகச் சூடேற்றினால் பனி முளைக்கும். வெளிப்புறம் மட்டும் முந்திக்கொண்டு சூடேறினால் உறுப்பு விரிசல் விடும்.

2023-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை ரத்தக் குழாய்களுக்குள் செலுத்தி, காந்தப்புலத்தால் உள்ளும் புறமும் ஒருசேரச் சூடேற்றினார்கள். 100 நாள் வரை உறைகுளிரில் இருந்த எலிச் சிறுநீரகம் வேறோர் எலியின் உடலில் வேலை செய்தது. மனிதச் சிறுநீரகம் அதைவிட நூறு மடங்குக்கு மேல் எடை கொண்டது. அந்த இடைவெளியைக் கடக்கும் ஆய்வில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும். (இறந்தவரை உறையவைத்துப் பின்னாளில் எழுப்புவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. தானமாகக் கிடைத்த கருவிழியை 14 நாள் வரை காக்கும் கார்னிசால் திரவம் கண் மருத்துவப் பொருள்கள் செய்யும் மதுரை அரோலேப் நிறுவனத்தில்தான் தயாராகிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறைகள் இருக்கின்றன. அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது.

முழு உறுப்புக்குப் போகும் முன் தோல், இதய வால்வு போன்ற திசுக்களில் தொடங்குங்கள். முதலில் தோல். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் பட்டாசு விபத்தில் வெந்து வருகிறவர்களின் புண்ணைத் தற்காலிகமாக மூட, தானத் தோல் கையிருப்பில் இருந்தால் நீரிழப்பும் தொற்றும் குறையும், வலியும் தணியும். உறைகுளிரில் அதை நெடுநாள் வைத்திருக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் கட்டமாக ஓர் அறை, ஒரு திரவ நைட்ரஜன் கொள்கலன், உயிரியலும் இயற்பியலும் படித்த நாலைந்து இளைஞர்கள் போதும். இதைப் பரிசீலித்து, முடியும், முடியாது எதுவானாலும் காரணத்தோடு பொதுவில் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை