பாதி வருகிறது, பாதி வரவில்லை: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மழைக்கு முன்னால் மாடிக்குத் தளம் போட்டு முடித்துவிட்டாய் என்பது நல்ல செய்தி. மற்றதைப் போனில் பேசுவோம். நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

வேர்ட்பிரஸ் வெப்சைட்டில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸில் பதிகிற வாடிக்கையாளர் விவரம், வாடிக்கையாளர் பதிவுகளை வைத்துக்கொள்ளும் சேல்ஸ்ஃபோர்ஸுக்குப் போக வேண்டும், அங்கே ஆபீஸில் மாற்றுவது இங்கே திரும்பி வர வேண்டும்; "பெரும்பாலும் வருது, சிலது வர்றதில்ல" என்கிறாய். மொத்தமாக நின்றுபோயிருந்தால் அரை மணியில் பிடித்துவிடலாம். இந்த அரைகுறைதான் ஆளைக் கொல்லும்.

முதல் காரியம், எல்லாவற்றையும் மறுபடி ஒரேயடியாக ஒத்துப்போக வைக்கும் அந்த 'ஃபுல் சிங்க்' பொத்தானை யாரும் அழுத்தக் கூடாது என்று சொல்லிவை. அழுத்தினால் இன்றைக்குச் சரியாகிவிடும், தடயமும் அழிந்துவிடும். விட்டுப்போன ரெக்கார்டுகளில் (ஒரு வாடிக்கையாளர் பதிவு ஒரு ரெக்கார்டு) ஒரு 20 எடுத்து ஷீட்டில் போடு: ஐடி, பதிந்த நேரம், கடைசியாக மாறிய நேரம், மாற்றியது யார், பெயர், போன், இமெயில். நேரம் அத்தனையும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கட்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் உள்ளுக்குள் யூடிசியில் வைத்துக்கொண்டு திரையில் நம்மூர் நேரத்தைக் காட்டும். இரண்டையும் கலந்தால் ஐந்தரை மணி நேரம் இடிக்கும். பிறகு நேர வரிசையில் அடுக்கிப் பார். ஒரே சமயத்தில் குவிந்திருந்தால் அந்த நேரத்தில் சிங்க் செய்யும் வேலை ஓடவில்லை என்று அர்த்தம். சிதறிக் கிடந்தால் கோளாறு டேட்டாவிலோ, எடுக்கும் முறையிலோ இருக்கிறது.

குவிந்திருந்தால் வேர்ட்பிரஸின் கிரானை, அதாவது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவதை, சந்தேகப்படு. அது நிஜக் கடிகாரம் இல்லை. யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் ஓடும். பக்கம் கேஷிலிருந்தே (முன்பே எடுத்து வைத்த நகலிலிருந்து) போய்விட்டால் வேர்ட்பிரஸை ஓட்டும் பிஹெச்பி எழுந்திருக்காது, கிரானும் எழுந்திருக்காது. கான்ஃபிக் ஃபைலில் அதை அணைத்துவிட்டு, சர்வரின் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடும்படி வை. வூகாமர்ஸ் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'ஷெட்யூல்டு ஆக்‌ஷன்ஸ்' என்று ஒரு தாவல் இருக்கிறது. தோற்றதும் நேரம் தாண்டிக் காத்திருப்பதும் அங்கே அப்படியே தெரியும். ஏதாவது மாறியதும் அடுத்த சர்வருக்குத் தகவல் அனுப்பும் வெப்ஹூக்கையும் பார்த்துவிடு. தொடர்ந்து 5 முறைக்கு மேல் தோற்றால் வூகாமர்ஸ் அதை 'டிஸேபிள்டு' ஆக்கிவிடும். நடுவில் இருக்கிற உங்கள் சர்வர் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் போதும், யாராவது கவனித்து மறுபடி போடும் வரை ஒன்றும் வராது.

சிதறிக் கிடந்தால் சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து டேட்டா எடுக்கும் குவெரியை (கேள்விக் கட்டளையை) பார். "கடைசியாக ஓடிய நேரத்துக்குப் பிறகு மாறியதெல்லாம் கொடு" என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அதில் மூன்று ஓட்டை. ஒன்று, 'லாஸ்ட் மாடிஃபைடு டேட்' என்ற நேர முத்திரை போதாது, 'சிஸ்டம் மாட்ஸ்டாம்ப்' என்ற முத்திரை வேண்டும். தானாக நடக்கும் மாற்றங்கள் பின்னதில்தான் பதியும். இரண்டாவதுதான் சதிகாரன். ஒரு மாற்றம் 10:00:01 என்று முத்திரை வாங்கி, 10:00:09-க்குத்தான் சேமிப்பாகி முடிகிறது என்று வை. உன் வேலை 10:00:05-க்கு வந்து, அதைப் பார்க்காமலே, "05 வரை எடுத்தாச்சு" என்று குறித்துக்கொண்டு போய்விடும். அந்த ரெக்கார்டு இனி எந்தச் சுற்றிலும் சிக்காது. அதனால் ஒவ்வொரு சுற்றையும் குறித்த நேரத்துக்கு 10 நிமிடம் முன்னாலிருந்து தொடங்கு. சிலது இரண்டு முறை வரும், வரட்டும்; எழுதும் பக்கம் அதைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். குறிக்கும் நேரமும் உன் சர்வர் கடிகாரமாக இருக்கக் கூடாது. வந்த ரெக்கார்டுகளிலேயே பெரிய முத்திரை எதுவோ அது. எழுதி முடித்த பிறகே குறியை நகர்த்து. மூன்றாவது, அழித்தது சாதாரண குவெரியில் வராது. 'குவெரி ஆல்' போட வேண்டும், அதுவும் ரீசைக்கிள் பின்னில் இருக்கும் 15 நாளுக்குள். இரண்டு கான்டாக்டை (சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு ஆளின் ரெக்கார்டு) ஒன்றாக்கினாலும் ஒன்று அழிந்ததாகத்தான் வரும். அதன் 'மாஸ்டர் ரெக்கார்டு ஐடி' எதோடு சேர்ந்தது என்று சொல்லும். அதைப் படிக்காமல் வெப்சைட்டில் ஆளை நீக்கிவிட்டால் வம்பு.

ஐடி என்றதும் ஒன்று. சேல்ஸ்ஃபோர்ஸ் ஐடி 15 எழுத்திலும் வரும், 18 எழுத்திலும் வரும். 15-இல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுவேறு ஆள். வேர்ட்பிரஸின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஒருவர் முகவரி இன்னொருவருக்கு ஏறியிருந்தால் இதுதான். எல்லா இடத்திலும் 18 வை.

இனி வூகாமர்ஸிலிருந்து சேல்ஸ்ஃபோர்ஸுக்குப் போவது. 200 ரெக்கார்டை ஒரு கட்டாக அனுப்புகிறீர்களா? 'ஆல் ஆர் நன்' (ஒன்று தோற்றால் எல்லாம் ரத்து) போடாவிட்டால், சில ரெக்கார்டு தோற்றாலும் மேலே எச்டிடிபி 200, அதாவது 'சரி' என்ற பதில் எண்தான் வரும். தோல்வி ஒவ்வொரு ரெக்கார்டின் பதிலுக்குள் இருக்கும். உங்கள் கோடு மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்து 'சக்சஸ்' என்று லாகில் எழுதிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம். உள்ளே பார்த்தால் பாதிக்குமேல் 'லாஸ்ட் நேம் இல்லை' என்றுதான் இருக்கும். அங்கே கான்டாக்டுக்கு லாஸ்ட் நேம் கட்டாயம். வூகாமர்ஸில் 'மை அக்கவுண்ட்' பக்கத்தில் பதிபவரிடம் பெயரே கேட்பதில்லை, இமெயில் மட்டும். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலைப் போடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு புள்ளி வைப்பார்கள். ஒரு பெயர்தான் இருக்கிறதென்றால் அதையே லாஸ்ட் நேமில் போடு. எதுவுமே இல்லையென்றால் ஆர்டர் வரும்வரை நிறுத்திவை.

பொருத்திப் பார்ப்பதை இமெயிலில் செய்யாதே, ஒரே இமெயிலில் புருஷனும் பெண்டாட்டியும் வாங்குவார்கள். வூகாமர்ஸ் வாடிக்கையாளர் எண்ணை சேல்ஸ்ஃபோர்ஸில் எக்ஸ்டர்னல் ஐடியாக (வெளி அடையாள எண்ணாக), 'யூனிக்' டிக் போட்டு வை. ஆனால் கணக்குத் தொடங்காமல் கெஸ்டாக ஆர்டர் போட்டவருக்கு அந்த எண் 0. அதைத் தடுக்காவிட்டால் ஊரிலுள்ள கெஸ்ட் எல்லாரும் ஒரே கான்டாக்டில் வந்து குடியேறி, கடைசியாக வந்தவர் பெயரில் நிற்பார்கள்.

இரண்டு பக்கமும் எழுதுவதால் ஒரே மாற்றம் பந்து மாதிரி போய்வந்து கொண்டிருக்கும். "இன்டிகிரேஷன் யூசர் (சிங்க் வேலை உள்ளே நுழையும் கணக்கு) மாற்றியதை விட்டுவிடு" என்று வழி சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது. ஆபீஸில் ஒருவர் போன் எண்ணை மாற்றிய அடுத்த நொடி உங்கள் வேலை முகவரியை எழுதினால், கடைசியாகத் தொட்டவர் இன்டிகிரேஷன் யூசர். அந்தப் போன் எண் திரும்பி வரவே வராது. அதற்குப் பதில், சிங்க் ஆகும் ஃபீல்டுகளுக்கு ஒரு ஹேஷ் (அவற்றிலிருந்து கணக்கிடும் குறுகிய அடையாளக் குறி) போட்டு வைத்து, மாறியிருந்தால் மட்டும் எழுது. ஹேஷுக்கு முன்னால் இடைவெளியை வெட்டு, இமெயிலைச் சின்ன எழுத்தாக்கு, போனை +91 வடிவத்துக்குக் கொண்டுவா.

தினமும் ராத்திரி இரண்டு பக்கமும் ஐடியையும் ஹேஷையும் எடுத்து ஒப்பிடும் ஒரு வேலை போடு. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதே. ஒன்று குறைந்து ஒன்று கூடினால் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

ஷீட்டைப் போட்டதும் எனக்கு அனுப்பு, ஐடியும் நேரமும் போதும். வாடிக்கையாளர் பெயர், போன் எண்ணெல்லாம் எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
ரவி